விளக்கு வைப்பதற்குள்

கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சரி, பாக்கியம் முகம் கழுவ வந்துவிட்டாள் என்று அருணகிரி நினைத்துக்கொண்டார். மொட்டைமாடியில் தொட்டிகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். காலருகே பாதி நிறைந்த தண்ணீர் வாளி, மடியில் கத்தரிக்கோல். வந்து வெகுநேரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு பூ வெட்டியபாடில்லை. இத்தனை வருஷமாக இதே வீடு, இதே மனைவி என்பதால் சாயங்காலம் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். முதலில் குழாய். பிறகு குத்துவிளக்கைத் துடைத்துப் பலகைமேல் வைக்கிற ணங் சத்தம். பிறகு எண்ணெய்ப் புட்டி இருக்கிற அலமாரியின் கதவு முனகும். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி அவள் கேட்டு ஓய்ந்துவிட்டாள். உள்ளே புட்டி நிறைய எண்ணெய் இருக்கிறது, கதவுக்கு விடத்தான் வீட்டில் ஆம்பளை இல்லை என்று அதற்கொரு பேச்சு. கடைசியில் தீக்குச்சி உரசும். பூஜையறை மாடிப்படிக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அதன் சின்ன ஜன்னல் தாழ்வாகப் படிப்பக்கம் திறந்தே கிடக்கும், எல்லாச் சத்தமும் மேலே வந்துவிடும். தீக்குச்சி உரசிவிட்டால் தீர்ந்தது. விளக்கு வைத்த பிறகு செடி தூங்கிவிடும், அதில் கை வைக்கக்கூடாது, பூவைப் பறிக்கவே கூடாது. அந்தச் சத்தத்துக்குள் வெட்டிவிட வேண்டும். சிந்துஜா பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள். அத்திப்பள்ளியை நெருங்கியிருப்பாள். அங்கே எப்போதும் வண்டி நிற்கும், நிற்கட்டும், இன்றைக்கு நன்றாக நிற்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெற்ற பெண் வருகிற வழியில் நெரிசல் வேண்டுமென்று வேண்டிக்கொள்கிற அப்பன் ஓசூரிலேயே நானொருவன்தான் இருப்பேன் என்றும் தோன்றியது.

மத்தியானம் போன் செய்தாள். சாப்பிட்டாயா, மாப்பிள்ளை லீவு போட்டாரா, மாத்திரை எடுத்துவைத்தாயா என்று இவர்தான் பேசிக்கொண்டே போனார். பேச்சை நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம். அவள் எல்லாவற்றுக்கும் ம் போட்டுவிட்டு, "அப்பா, என் ரூம்ல பூ வைப்பீங்கல்ல?" என்றாள். "வைக்கறேம்மா," என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வது. அந்தக் குரல் பத்தாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் கேட்ட அதே குரல். அப்போதெல்லாம் பரீட்சை நாளில் அவள் மேஜைமேல் ஒரே ஒரு பூ, ஊறுகாய் தீர்ந்த சின்னப் பீங்கான் ஜாடியில் வைப்பார். மற்ற பிள்ளைகள் திருநீறு வைத்துக்கொண்டு போகும், இவள் பூவைப் பார்த்துவிட்டுப் போவாள். கணக்குப் பரீட்சைக்கு மட்டும் இரண்டு வையுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இப்போது பரீட்சையெல்லாம் முடிந்து, கல்யாணமும் ஆகி, எட்டாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு, அதன் பிறகு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறாள். பத்து நாள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று மாப்பிள்ளையே சொன்னாராம். நல்ல பையன். ஆஸ்பத்திரியில் இவரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான், ஆறுதல் சொல்ல வந்தவருக்கு அவன்தான் நாற்காலி கொண்டுவந்து போட்டான். பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவர் வருவதைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையைத்தான் இவர் இத்தனை நாளாக வைத்துக்கொண்டு புரட்டிக்கொண்டிருக்கிறார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். உப்பு குறைந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள், இதில் வாயே திறக்கவில்லை.

ணங். விளக்கு பலகைக்கு வந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார், உட்கார்ந்தே இருந்தார். வளைகாப்புக்கு முந்தின சாயங்காலமும் இப்படித்தான் கத்தரிக்கோலும் வாளியுமாக இருந்தார். வளைகாப்பு இந்த வீட்டிலேயே நடந்தது. டாக்டர் பெங்களூரில் என்பதால் முடிந்ததும் அவளை அங்கேயே அனுப்பிவைப்பதாகப் பேச்சு. பந்தல்காரன் வரத் தாமதம், பாத்திரக்காரன் அண்டாவை மாற்றிக் கொடுத்துவிட்டான், இவர் அங்குமிங்கும் அலைந்துவிட்டு மாடி ஏறப் போகும்போது பூஜையறையில் சுடர் நின்று எரிந்துகொண்டிருந்தது. "விளக்கு வெச்சாச்சுங்க. இனிமே பூவுல கை வைக்காதீங்க, காலைல பாத்துக்கலாம்," என்றாள் பாக்கியம். காலையில் எங்கே நேரம். வெட்டின பூ உடனே ஜாடிக்குப் போனால் தலை தொங்கிவிடும். முதலில் கழுத்துவரை தண்ணீரில் இருட்டான மூலையில் நிற்க வேண்டும், ராத்திரி முழுக்கக் குடிக்க வேண்டும், அப்போதுதான் நாலு நாள் நிமிர்ந்து நிற்கும். நாளைக்கு வருகிற சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் பூக்கள் நிமிர்ந்து நிற்க வேண்டாமா. "விளக்கு வெச்சது செடிக்கு எப்படித் தெரியும், நீ போய்ச் சொன்னியா?" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். வந்திருந்த அத்தைகளும் சிரித்தார்கள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மாடியையே மொட்டையடித்தார். டேலியா, ஆஸ்டர், ஜினியா, ஒன்றும் விடவில்லை. மறுநாள் கூடத்தில் எத்தனை ஜாடி! சிந்து வளையல் கையோடு ஒவ்வொரு ஜாடியாகப் போய் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அப்பா பூ, அப்பா பூ என்று எல்லோரிடமும் காட்டினாள். அதற்கப்புறம் சில வாரங்கள்தான். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த கையோடு மெஷினைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தவர். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இறுகிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாள். புரிந்தது. தலை ஆட்டினார். ஆனாலும் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது டார்ச் வெளிச்சத்தில் அந்த டேலியாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி இவரைப் பார்த்தன. நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் இருக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு நிறுத்தியவர்தான், அதற்குப் பிறகு ஒரு பூவை வெட்டவில்லை. தண்ணீர் ஊற்றுவார், எரு வைப்பார், கத்தரிக்கோலை மட்டும் எடுக்கமாட்டார். பாக்கியமும் ஏன் என்று கேட்கவில்லை. அது வேறு.

இத்தனைக்கும் இந்த மாதிரிப் பூ வளர்ப்பே அவளுக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. "சாமிக்கும் இல்லாம தலைக்கும் இல்லாம, வெட்டித் தண்ணியில நிக்க வெக்கறதுக்கு ஒரு வளர்ப்பா?" என்றாள். நியாயமான கேள்விதான். இவருக்கு இது கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் பிடித்த நோய். ஒருநாள் ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் ஏறி நின்று பார்த்தபோது கீழே மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஆரஞ்சுப் பூக்கள். அறையில் ஆளில்லை, அந்த வாரம் யாரும் தங்கவும் இல்லை. யாருக்காக என்று கேட்டார். யாருக்குமில்லை, சும்மாதான் என்றான் அங்கிருந்த ஆள். யாருக்கும் இல்லாமல் சும்மா ஒரு பூ. ஏணியைவிட்டு இறங்க மனமே வரவில்லை. நம் பக்கத்தில் பூ என்றால் வேலை இருக்கும். மல்லிகைக்குத் தலை, அரளிக்குக் கோயில், சம்பங்கி கல்யாணத்துக்கும் போகும் சாவுக்கும் போகும், எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது. வேலை இல்லாத பூக்கள்தான் அவருக்குப் பிடித்துப்போயின. ஆனால் இன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் திரும்பி வந்து குழப்புகிறது. வெள்ளை வைக்கலாமா? வேண்டாம், ஆஸ்பத்திரி போர்வை வெள்ளை. சிவப்பு? ஐயோ, அதுவும் வேண்டாம். மஞ்சள் ஜினியா நன்றாக இருக்கும், ஆனால் வளைகாப்பன்று அவள் பக்கத்தில் இருந்தது மஞ்சள்தான். டேலியாவை நினைக்கவே கூடாது. வாசனை உள்ளது எதுவும் ஆகாது, இப்போதெல்லாம் வாசனை பட்டாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறதாம், மாப்பிள்ளை சொன்னார். ஒரு பெண்ணின் அறையில் வைக்க ஒரு பூவைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு பெரிய பாடா. எல்லாப் பூவுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது, எல்லாக் கதையும் இன்றைக்கு இவரைப் பார்த்துக் கை நீட்டுகிறது.

தேர்ந்தெடுக்க மாடியில் அதிகம் மிச்சமில்லை என்பது இன்னொரு விஷயம். வெட்ட வெட்டத்தான் இந்தச் செடிகள் பூக்கும். வெட்டாமல் விட்டால் பூ காய்ந்து விதை பிடித்துவிடும், விதை பிடித்ததும் நம் வேலை முடிந்தது என்று செடி நின்றுவிடும். ஆஸ்டர் முழுக்கப் பழுப்பாகி, தொட்டால் தூளாக உதிர்ந்தது. இது தெரிந்துதான் சும்மா இருந்தார். தை மாதச் சாயங்காலம், காற்றில் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. எழுந்து ஜினியா தொட்டியருகே போய்க் குனிந்தார். நாலைந்து பூ இருந்தது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். தலை மட்டும் தனியாக ஆடினால் இன்னும் பக்குவம் வரவில்லை, வெட்டினால் ஜாடியில் கழுத்து தொங்கிவிடும். தண்டும் தலையும் ஒன்றாக ஆடினால் வெட்டலாம். முதலாவது தொங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, ரோஸ் நிறம், விறைப்பாக நின்றது. அதற்குப் பக்கத்தில், ஓரத் தொட்டியில், ஐப்பசியில், மறந்துபோய் மூலையில் கிடந்த கிழங்கைப் பாக்கியம் எடுத்து நட்ட கிளாடியோலஸ் ஒரு கதிர் விட்டிருந்தது. அவள்தான் நட்டாள், முளைத்துக் கிடக்கிறதே, வீணாகப் போகிறதே என்று. அடி மொட்டில் மட்டும் ஒரு கீற்று நிறம் தெரிந்தது. வெளிர் ஊதா. அதுதான் சரியான பருவம், அப்போது வெட்டி உள்ளே வைத்தால் கீழேயிருந்து ஒவ்வொரு மொட்டாக அறைக்குள்ளேயே திறக்கும், பத்து நாளும் திறந்துகொண்டிருக்கும். பத்து நாள்தான் அவள் இருக்கப்போகிறாள். வெளிர் ஊதாவுக்கு ஒரு கதையும் இல்லை. இவ்வளவு நேரம் கண்ணில் படாமல் எங்கே நின்றாய் நீ. கத்தரிக்கோலை எடுத்தார்.

அலமாரிக் கதவு முனகியது. கை அப்படியே நின்றது. இனி எண்ணெய் விடுவாள், திரியைத் திரிப்பாள், அப்புறம் தீக்குச்சி. இப்போது வெட்டினால் நேரத்துக்குள் வெட்டியதாகத்தான் அர்த்தம். ஆனால் வெட்டும்போதே உரசிவிட்டால்? தண்டு பாதி அறுந்திருக்கும்போது சுடர் வந்தால் அது எந்தக் கணக்கு? அந்த உரசல் முடியட்டும் என்று காத்திருந்தார். உரசிவிட்டால் வெட்டுகிற நேரமும் முடிந்துவிடும் என்பது தெரிந்தும் காத்திருந்தார். தெருவிளக்கு எரிந்தது. முனிசிபாலிட்டி விளக்கு கணக்கில் வராது, அது பட்டப்பகலில்கூட எரியும். எதிர்வீட்டில் வாசல் விளக்கு போட்டார்கள். அடுத்த வீட்டு விளக்குக்கு இந்த வீட்டுச் செடி தூங்குமா? இதைப் பாக்கியத்திடம் கேட்டால் திட்டுவாள், திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். தீக்குச்சிச் சத்தம் வரவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள், நாய் குரைத்தது. ஓ, அந்த ஸ்கூட்டர் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும். உரசியிருப்பாள். இவ்வளவு நேரமா ஆகும் ஒரு திரி போட. உரசி, ஏற்றி, கும்பிட்டுவிட்டு அடுப்படிக்கே போயிருப்பாள். மறுபடியும் கோட்டை விட்டாயிற்று. ஒரு பக்கம் நெஞ்சு கனத்தது, இன்னொரு பக்கம், வெட்கமாக இருந்தாலும் உள்ளதுதானே, லேசாகவும் இருந்தது. இனி முடிவெடுக்க வேண்டியதில்லை. பூ இல்லையம்மா, எல்லாம் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் ஜாடியைப் பார்ப்பாள், சரிப்பா என்பாள். அந்தச் சரிப்பாவை இப்போதே கேட்டுவிட்டவர் போலக் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, காலி வாளியை விட்டுவிட்டு... காலி இல்லை, பாதித் தண்ணீர் இருந்தது, அதைத் தொட்டியில் ஊற்றியிருக்கலாம், அதுவும் செய்யாமல் படி இறங்கினார்.

கடைசிப் படியில் கால் தானாக நின்றது. ஜன்னலில் வெளிச்சம் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டில் முதலில் பித்தளை மட்டும் தெரிந்தது. பிறகு பாக்கியம் தெரிந்தாள். பலகைக்கு எதிரே கால் மடித்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் ஊற்றித் திரி போட்டாகிவிட்டது. கையில் தீப்பெட்டி. கூடத்திலும் லைட் இல்லை, வாசலிலும் இல்லை, வீடே இருண்டு கிடந்தது.

"ஆச்சா?" என்றாள், தலையைத் திருப்பாமலே.

"எது?"

"வெட்டியாச்சான்னு கேட்டேன்."

"இல்ல."

"இவ்வளவு நேரம் என்னதான் பண்றீங்க மேல? தீப்பெட்டியப் புடிச்சிக்கிட்டு எத்தன நேரம் உக்காந்திருக்கறது? கையே வேர்த்துப்போச்சு."

"நீ எதுக்கு ஏத்தாம இருக்க?"

"எதுக்குன்னா? அவ எனக்கும் போன் பண்ணா. அப்பா பூ வெப்பாராம்மான்னு கேட்டா. வெப்பாருடின்னு சொல்லியிருக்கேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதுதான் சமயம் என்று பட்டது. எத்தனையோ நாளாக உள்ளேயே வைத்திருந்ததை இருட்டில் சொல்வது கொஞ்சம் சுலபம். "பாக்கியம், அன்னைக்கு நீ சொன்னதக் கேக்காம நான் மேல போயி..."

"நீங்க என்ன பண்ணீங்க?" என்று அவள் இடைமறித்தாள். குரல் ஏறவில்லை. "நாந்தான் அவசரப்பட்டேன். நீங்க வாளியத் தூக்கறதப் பாத்தேன். வெட்டப் போறாருன்னு தெரியும். உங்க அக்கா வேற, விளக்கு வெக்கலையா, விளக்கு வெக்கலையான்னு நச்சரிச்சாங்க. சட்டுனு ஏத்திட்டேன். ஒரு நாழி பொறுத்திருந்தா என்ன? ஒண்ணும் ஆகியிருக்காது. ஆஸ்பத்திரில உங்க மூஞ்சியப் பாக்கவே முடியல எனக்கு."

ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அப்படியில்லை, டாக்டரம்மா சொன்னாளே என்று ஆரம்பிக்க வாயெடுத்தார், அது அவளுக்கும் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம், தனக்கும்தான் தெரிந்திருந்தது. கம்பிக்குள் கையை விட்டால் அவள் தோள் எட்டும். விட்டார். எட்டியது. தோளில் சேலை ஈரமாக இருந்தது, முகம் துடைத்த ஈரமாகத்தான் இருக்கும். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"போங்க," என்றாள். "நல்லா இருட்டறதுக்குள்ள வெட்டுங்க. அந்த ஊதாவ வெட்டுங்க. நான் காலைலயே பாத்து வெச்சேன்."

மாடி ஏறினார். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, நிறம் பிரித்துப் பார்க்கப் போதும். வாளியைக் கிளாடியோலஸ் பக்கத்தில் நகர்த்தி வைத்துக் குனிந்தார். கிழங்குக்கு உணவு வேண்டுமென்பதற்காக அடியில் நாலு இலையை விட்டு, அதற்கு மேலே தண்டைப் பிடித்தார். தெருமுனையில் கார் திரும்புகிற வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் ஓடி வந்து வாசலில் நின்றது. கதவு திறந்து மூடியது. மாப்பிள்ளையின் குரல், பையை இறக்குகிற சத்தம். ஐயோ, வந்தேவிட்டாள், இருட்டு வீட்டுக்குள் பெண்ணை வரவேற்கிறோமே என்று ஒரு கணம் பழைய பயம் எட்டிப் பார்த்தது. கேட் திறந்தது. செருப்பைக் கழற்றுகிற இடத்தில் சிந்து நின்றிருக்க வேண்டும்.

"என்னம்மா, வீடே இருட்டா இருக்கு? இன்னும் விளக்கு ஏத்தலையா?"

தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது, குச்சி உரசும் சத்தம் கேட்கவில்லை. அவர் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்தார்.

"இரு, ஏத்தலாம்," என்றாள் பாக்கியம். "அப்பா மாடியில உனக்குப் பூ வெட்டிட்டிருக்காரு."